மூட்டுமுன் நூர்க்கத் தண்ணீர்: காட்டோரம் தங்குவோருக்குச் சில குறிப்புகள்

சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார் பக்கம் போகிறவர்களில் பலர் பூநகரியால் இறங்கி ஏ32 வீதியைப் பிடிக்கிறார்கள். பல்லவராயன்கட்டு, ஜெயபுரம், நாச்சிக்குடா, முழங்காவில், வெள்ளாங்குளம் என்று நீளும் வீதியின் கிழக்கே காடும் குளங்களும், மேற்கே கடல். ஆடி, ஆவணியில் கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பிள்ளைகளோடு வரும் சொந்தக்காரர், ஓகஸ்ற் 15 மடுத் திருவிழாவுக்குப் போகும் யாத்திரிகர், விடுமுறைக்குக் கூடாரம் கட்டிப் பழகும் சாரணர் என்று எல்லாருக்கும் வழியில் ஒரு குளக்கட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிட ஆசை வரும். ஆனால் வன்னி மிக மோசமாகக் காய்ந்து கிடப்பதும் அந்த மாதங்களில்தான். தை மாதத்தோடு பெரிய மழை ஓய்ந்துவிடும். பிறகு ஐப்பசி வரைக்கும் இடையில் விழும் சிறு தூறல்தான். அதற்குள் சோழகக் காற்று புல்லையும் சருகையும் வறுத்து வைத்துவிடும். வருகிறவர்கள் வரட்டும், ஆசையாய்ச் சமைக்கட்டும். கீழே சொல்லும் விஷயங்களை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள்.

1. முதலில் நிலத்தைப் பற்றி விசாரியுங்கள். வேறு நாட்டு முகாம் கையேடுகள் காற்று, மரம், தண்ணீர் என்று தொடங்கும். வன்னியில் அதற்கெல்லாம் முன்னால் காலுக்குக் கீழே இருப்பதைக் கேட்கவேண்டும். 2008 இல் போர்முனை இந்த ஏ32 வீதியை ஒட்டித்தான் வடக்கே நகர்ந்து அந்த நவம்பரில் பூநகரியை எட்டியது. இரு தரப்பும் புதைத்த மிதிவெடிகளும், விழுந்து வெடிக்காமல் போன எறிகணைகளும் வன்னி மண்ணில் தங்கிப்போயின. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் போன்ற நிறுவனங்களும் இராணுவத்தின் மிதிவெடி அகற்றும் பிரிவும் பல வருடங்களாக அவற்றை அகற்றி வருகின்றன. மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 இறுதியில் சேர்ந்தது. துப்புரவாக்கிக் கையளித்த காணியில் மக்கள் குடியிருக்கிறார்கள், உழுகிறார்கள். சிக்கல், யாரும் குடியிருக்காத, யாரும் உழாத காட்டோரத் துண்டுகளில்தான். நீங்கள் கூடாரம் போட விரும்புவதும் அப்படியான தனிமையான இடத்தில்தான்.

மேலே நெருப்பு எரிந்தால் சில அங்குலம் கீழே கிடக்கும் ரவையோ கைக்குண்டோ சூடேறி வெடிக்கக்கூடும். அதற்கு யாரும் மிதிக்கவோ தோண்டவோ தேவையில்லை. காணி துப்புரவாக்கிக் குவித்த குப்பைக்கு நெருப்பு வைத்தபோது வெடித்து ஆட்கள் காயப்பட்ட செய்திகள் வடக்கில் பலமுறை வந்திருக்கின்றன. அதனால் மூன்று விதிகள். ஆட்கள் வழமையாகச் சமைக்கிற, மாடு கட்டுகிற, வயல் செய்கிற நிலத்தில் மட்டும் மூட்டுங்கள். முன்பு எரித்த சாம்பல் கிடக்கும் இடமே மிக நல்லது. ஊரில் நெடுநாள் இருக்கும் ஒருவரையோ கிராம அலுவலரையோ கேட்காமல் கிடங்கு வெட்டாதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, வரிசையாய் நட்ட சிவப்புக் கம்பு, மஞ்சள் நாடா கண்டால் வந்த அடித்தடத்திலேயே திரும்பி நடவுங்கள். பலகை விழுந்து உக்கிப்போயிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பலகை இல்லையென்பது மட்டும் போதாது.

2. துருப்பிடித்த இரும்புத் துண்டை அடுப்புக்கல்லாக வைக்கவோ, ஓட்டையான குழாயைச் சட்டிக்கு முட்டுக்கொடுக்கவோ வேண்டாம். என்னவென்று தெரியாத எந்த உலோகமும் நெருப்புக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், தூரத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு ஜெயபுரம் பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 119 க்கு அழையுங்கள்.

3. காணி யாருடையது? தனியார் காணியென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை. ஒதுக்குக் காடென்றால் கதை வேறு. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனச் சட்டம் ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2015 இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம், மடு வீதிப் பகுதிகளில் வனசீவராசிகள் திணைக்களத்தின் சட்டம் இன்னும் இறுக்கம். காட்டின் எல்லைக் கல் எங்கே நிற்கிறதென்று ஊரவரைக் கேளுங்கள். அந்தக் கல்லால் தங்கள் சொந்தக் காணிக்கே போகமுடியாமல் நிற்கும் சனம் இந்தப் பக்கம் நிறையவே உண்டு, ஆகவே சரியாகவே சொல்வார்கள்.

4. தண்ணீர் கைவசம் வந்த பிறகுதான் நெருப்புப்பெட்டியைத் தொடவேண்டும். குடிக்க, சமைக்க எடுத்த தண்ணீர் இந்தக் கணக்கில் சேராது. சிறிய சமையல் நெருப்புக்கு 20 லீற்றர் தனியாக ஒதுக்குங்கள், கூடிக் கும்மாளமடிக்கும் நெருப்பென்றால் அதன் இரண்டு மடங்கு. ஆவணியில் பல குளங்கள் உள்வாங்கிச் சேறாய்க் கிடக்கும், ‘பக்கத்தில் குளமிருக்கு’ என்ற நம்பிக்கையில் வராதீர்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலையாய் வாளி நிரப்பக் கொடுத்தால் அவர்களுக்கும் பொழுது போகும். நூர்ப்பதற்கு உவர்த்தண்ணீர் தாராளமாய்ப் போதும். பூநகரிப் பக்கம் நல்ல தண்ணீர் கிடைப்பதே பெரும்பாடு, அதை நெருப்பில் ஊற்றினால் ஊரவர் முகம் சுழிப்பார்கள்.

5. காற்று எந்தப் பக்கம் போகிறதென்று ஒரு பிடி மணலை விட்டுப் பாருங்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து சோழகம் அடிக்கும். பகலில் உரத்து, பொழுதுபட்டபின் ஓரளவு தணியும். அதனால் இருட்டத் தொடங்கிய பிறகு மூட்டுவது நல்லது. மரக்கிளை ஓயாமல் ஆடும் அளவுக்குக் காற்றென்றால் அன்றைக்கு நெருப்பே வேண்டாம். பாணும் சம்பலும், ஒரு ரின் மீனும் போதாதா ஓர் இரவுக்கு?

6. கூடாரமும் வாகனமும் காற்று வரும் பக்கத்தில் நிற்கட்டும், நெருப்பு அவற்றுக்குக் கீழ்க்காற்றில் குறைந்தது 5 மீற்றர் தள்ளி. நைலோன் கூடாரமும் தறப்பாளும் பொறி பட்ட இடத்தில் உருகி ஓட்டை விழும், பெரிய கொழுந்து பட்டால் உருகிச் சொட்டும். சொட்டு தோலில் ஒட்டினால் பிய்க்கமுடியாது.

7. மூட்டும் இடத்தைச் சுற்றி 3 மீற்றருக்குச் சருகு, புல், சுள்ளி எதுவுமில்லாமல் கூட்டி வெறும் மண்ணைக் காட்டுங்கள். நடுவில் வேர் தெரிந்தால் இடத்தை மாற்றுங்கள். காய்ந்த வேரில் பிடித்த நெருப்பு மண்ணுக்குள்ளாலேயே ஊர்ந்து, நீங்கள் போன பிறகு வேறோர் இடத்தில் தலை காட்டும்.

8. மேலேயும் பாருங்கள். கிளை தாழ்ந்திருக்கிறதா, குளவிக்கூடோ தேன்கூடோ தொங்குகிறதா? புகை போய்ச் சேர்ந்ததும் அவை இறங்கி வரும். பனையடியில் மூட்டவே கூடாது. வெட்டாமல் விட்ட காவோலை கழுத்தைச் சுற்றித் தொங்கும் பனைக்கு ஒரே ஒரு பொறி போதும். ஒரு பனை பற்றினால் எரியும் ஓலை காற்றில் பறந்து அடுத்ததில் விழும். ஒவ்வொரு கோடையிலும் வடக்கில் எங்கோ ஒரு பனங்கூடல் இப்படி எரிகிறது. ஆளுயரம் வளரவே பத்துப் பதினைந்து வருடம் எடுக்கிற மரம் அது.

9. வைக்கல் போர், அடிக்காத சூடு, வெட்டிய வயலின் ஒட்டு, இவற்றுக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடிந்தாலும் வைக்கல் மாட்டுக்காக வருடம் முழுக்கக் குவிந்திருக்கும். ஒரு வீட்டுக்காரரின் கோடைக்காலத் தீவனம் முழுவதும் அதுதான்.

10. விறகை வெட்டாதீர்கள், பொறுக்குங்கள். கீழே விழுந்து, மடித்தால் ‘சடக்’ என்று முறிகிற கிளையே விறகு. வளைகிறதென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, புகைதான் மிஞ்சும். விழுந்த பாலைக் கிளை கிடைத்தால் அதிர்ஷ்டம். நின்று எரியும், தணலும் நன்றாக விழும். ஆனால் நிற்கும் பாலையில் கத்தி வைக்காதீர்கள். வைகாசி, ஆனியில் ஊர்ப்பிள்ளைகளுக்குப் பழம் கொடுத்து, வெயிலில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நிழல் கொடுக்கிற மரம். முதிரைப் பக்கம் போகவே வேண்டாம். வன்னியில் முதிரை கடத்துகிறவர்களுக்காகப் பொலிஸார் வீதியில் காத்திருக்கிறார்கள். வாகனத்தில் ஒரு முதிரைக் குற்றியோடு நிற்கிறவர் ‘விறகுக்கு எடுத்தது’ என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

11. விறகுக் குவியலில் கையை விடும் முன் ஒரு தடியால் தட்டிக் கிளறுங்கள். முத்திரைப் புடையனும் தேளும் மட்டத்தேளும் அந்த நிழலைத் தேடித்தான் வரும். இருட்டியபின் விறகு பொறுக்கப் போகாமல், வெளிச்சத்தோடு தேவையானதை எடுத்து வையுங்கள்.

12. எரிக்கக்கூடாத மரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பூநகரிக் கடல்நீரேரியோரம் கண்டல்களோடு வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படும், அதன் புகையும் கண்ணை எரிக்கும். பட்டுவிட்டால் கசக்காமல் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவி வைத்தியசாலைக்குப் போங்கள். அலரி மரம் முழுவதுமே நஞ்சு. அதன் குச்சியில் இறைச்சி குத்தி வாட்டுவதும் கூடாது. கள்ளி, எருக்கலை இரண்டையும் விட்டுவிடுங்கள். மூங்கிலென்றால் கணுக்கணுவாய்ப் பிளந்த பிறகு போடுங்கள், முழுசாய்ப் போட்டால் கணுவுக்குள் அடைபட்ட காற்றுச் சூடேறி வெடிக்கும்.

13. மூட்டுவதற்குப் பன்னாடை, உலர்ந்த தென்னம்பாளை, சுருட்டிய காவோலை, இவற்றை விடச் சிறந்தது கடையில் கிடைக்காது. ஒரு பிடி பன்னாடை, அதன்மேல் விரல் தடிப்புச் சுள்ளி, அதன்மேல் கைமொத்தக் கட்டை. எல்லாவற்றையும் ஒரேயடியாய்க் குவித்துவிட்டு ஊதி ஊதிக் கண் சிவக்கிறவர்கள் பெரும்பாலும் காற்றுக்கு வழி விடாதவர்கள்தான். காற்று நுழைய அடியில் ஒரு வாசல் விடுங்கள்.

14. பெற்றோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தரையோடு பரவிக் கிடந்து, நெருப்புக்குச்சி உரசும்போது ஊற்றியவரையும் சேர்த்துப் பிடிக்கும். மண்ணெண்ணெய் கட்டாயம் தேவையென்றால் நெருப்பு வைக்கும் முன் ஒரு துணியில் நனைத்து அடியில் வையுங்கள். அணைந்துவிட்டதென்று எண்ணி, தணல் இருக்கும் அடுப்பில் போத்தலால் ஊற்றுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. கொழுந்து போத்தல் வாய்வரை ஏறி வரும்.

15. பொச்சுமட்டை, ஊமல், சிரட்டை: மூன்றும் நன்றாக எரியும், ஆனால் குணம் வேறு. சிரட்டை கெதியில் பற்றிக் கெதியில் முடியும். ஊமல் கடும் சூடு தரும், இறைச்சி வாட்ட நல்லது. பொச்சு வெளியே கறுத்து அணைந்தது போலிருந்தாலும் தும்புக்குள் மணிக்கணக்காய்க் கனன்றுகொண்டிருக்கும். அந்தக் காலத்தில் அடுத்த வேளை அடுப்புக்கு நெருப்புக் காத்து வைத்ததும், நுளம்புக்குப் புகை போட்டதும் அதனால்தான். முகாம் நெருப்பில் அந்தக் குணமே தொல்லை. விடியக் கிளம்பப் போகிறவர்கள் முன்னிரவிலேயே பொச்சுப் போடுவதை நிறுத்திவிடவேண்டும்.

16. குளத்துக்குள்ளிருந்து எடுத்த ஈரக்கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே நின்ற தண்ணீர் ஆவியாகிக் கல் பிளந்து சில்லாய்ப் பறக்கும். உடைந்த சீமெந்துக் கட்டையை விடக் காய்ந்த செங்கல்லே மேல். கறையான் புற்றை உடைத்துக் கல்லுக்குப் பதிலாக வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. புற்றுக்குள் குடியிருப்பது கறையான் மட்டுமல்ல.

17. எந்த மாதிரி அடுக்கவேண்டும்? கூம்பாய் அடுக்கிய பெரிய நெருப்பு படத்துக்கு அழகு. சமையலுக்கும் பாதுகாப்புக்கும் உதவாது. உள்ளே எரிந்ததும் கட்டைகள் எந்தப் பக்கமும் சரியும். கோயில் பொங்கலில் பார்த்திருப்பீர்கள், நீட்டுக் கட்டைகளின் நுனிகளை மட்டும் நடுவில் சேர்த்து, எரிய எரிய உள்ளே தள்ளுவார்கள். வற்றாப்பளையிலோ புதூர் நாகதம்பிரானிலோ நூற்றுக்கணக்கான பானைகள் நெருங்கி நெருங்கி எரியும்போதும் சமாளிக்க முடிவது அதனால்தான். சூடு கூடினால் இரண்டு கொள்ளியை வெளியே இழுத்தால் போதும். நூர்ப்பதும் பாதி சுலபம், ஏனென்றால் எரிந்தது நுனி மட்டும்தான். ஒரு காட்டோர நெருப்பு முழங்கால் உயரத்தைத் தாண்டத் தேவையில்லை. அகலம் ஒரு மீற்றருக்குள் இருக்கட்டும்.

18. மழைக்காலத்தில், அதாவது ஐப்பசிக்குப் பிறகு வருகிறவர்களுக்கு: ஈரநிலத்தில் கைமொத்தக் கட்டைகளை நெருக்கிப் பாய்போல் அடுக்கி அதன்மேல் மூட்டுங்கள். நனைந்த விறகைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். மழைக்கு ஒதுங்கி நெருப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக வேண்டாம்.

19. அதையே இன்னொரு தரம் சொல்லவேண்டியிருக்கிறது. மார்கழிக் குளிருக்குத் தணலைச் சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ வைத்துத் தூங்கவே கூடாது. கொழுந்து இல்லை, புகையும் இல்லை என்று நினைப்பீர்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் மணமும் கிடையாது. தலையிடி, மயக்கம் என்று உணரும் முன்பே நினைவு தப்பும். நுளம்புக்கு வலை, குளிருக்குப் போர்வை.

20. நெருப்புக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவர் தூங்கப் போகுமுன் இன்னொருவர் பொறுப்பெடுக்கவேண்டும், அல்லது நெருப்பு நூர்க்கப்படவேண்டும். குடித்திருப்பவருக்கு அந்த வேலை இல்லை. சாரத்தை மடித்துக் கட்டுங்கள், முந்தானையைச் செருகுங்கள், நைலோன் உடுப்பைப் பருத்திக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் தாண்டாமல் நெருப்பைச் சுற்றித் தடியால் ஒரு கோடு கீறி வையுங்கள். கோட்டுக்குள் ஓட்டமும் பந்தும் இல்லை. பிளாஸ்ரிக் போத்தல், பற்றரி, நுளம்புக்கு அடிக்கும் ஸ்பிரே ரின், லைற்றர், இவை ஒன்றும் நெருப்புக்குள் போகக்கூடாது. ரின்னும் லைற்றரும் வெடிக்கும்.

21. யானை. ‘நெருப்பிருந்தால் யானை வராது’ என்பதை முழுதாக நம்பவேண்டாம். காவல் கொட்டிலில் இரவிரவாய் நெருப்பு வைத்திருக்கும் கமக்காரரின் வயலிலும் யானை இறங்கியிருக்கிறது. யானைத் தடம், புதுச் சாணம், ஒடித்த கிளை கண்ட இடத்தில் தங்காதீர்கள். சோறு, உப்பு, பழம் மூடி வாகனத்துக்குள் இருக்கட்டும். வந்துவிட்டால் கொள்ளியை எறிவது இரண்டு விதத்தில் கெடுதி: மிருகம் வெகுண்டு திரும்பும், கொள்ளி போய் விழும் இடத்தில் புல் பற்றும். வாகனத்துக்குள் ஏறிக்கொண்டு ஊரவருக்குச் சொல்லுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

22. இனி நூர்ப்பது. இதை அவசரமாய் வாசிக்காதீர்கள். மூட்டுவதற்கு எல்லோரும் கூடுவார்கள், நூர்க்கும்போது ஆளைக் காணாது.

கிளம்ப, அல்லது படுக்க, ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்தி, இருப்பதைத் தணலாய் விழ விடுங்கள். எரியாத நீட்டுக் கட்டைகளை வெளியே இழுத்து, நுனியில் தண்ணீர் விடுங்கள். பிறகு தணலுக்குத் தண்ணீர், கையால் தெளித்துத் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு. ஒரு வாளியை அப்படியே நடுவில் கவிழ்த்தால் கொதி ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். காற்று வரும் பக்கம் நின்றுகொள்ளுங்கள். இரைச்சல் அடங்கியதும் மண்வெட்டியால் கிளறி, அடியில் இருப்பதை மேலே கொண்டு வாருங்கள். மறுபடி தண்ணீர், மறுபடி கிளறல். ஒவ்வொரு கட்டையையும் புரட்டி அடிப்பக்கத்தையும் நனையுங்கள். சேறு போலக் குழைந்து, சத்தமும் ஆவியும் நின்ற பிறகு புறங்கையை மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் மெல்லச் சாம்பலைத் தொட்டுப் பாருங்கள். தொடமுடியாதென்றால் இன்னும் நூரவில்லை. சட்டி கழுவின தண்ணீர், முகம் கழுவின தண்ணீர் எல்லாம் இதற்கு வந்து சேரட்டும்.

23. மணலைப் போட்டு மூடுவது நூர்த்தல் ஆகாது. இது நம்மவரிடம் ஊறிய பழக்கம், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மணல் தணலை ஒரு போர்வை போலப் பொத்திச் சூட்டைக் காக்கும். அவுஸ்திரேலியாவில் முகாம் நெருப்புகளின் மேல் ஓடிக் கால் வெந்த சிறுவர்கள் அதிகமானதால் அங்கே இதை அளந்தே பார்த்தார்கள். மணல் போட்டு மூடிய நெருப்பு எட்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் சூட்டில் இருந்தது, தண்ணீர் ஊற்றியது பத்து நிமிடத்தில் 50 பாகையளவுக்கு இறங்கியது. நம் பொங்கல் திடல்களிலும் மறுநாள் காலை வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்கு இதே ஆபத்துத்தான். மேலே வெள்ளை மணல், கீழே சிவந்த தணல். மணல் கட்டாயம் போடவேண்டுமென்றால் தண்ணீர் விட்டு ஆறிய பிறகு போடுங்கள்.

24. முற்றாகத் தண்ணீர் தீர்ந்துவிட்டால், ஈர மண்ணைச் சிறிது சிறிதாய்க் கலந்து கிளறிக்கொண்டே இருங்கள், கட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வையுங்கள். அப்படியும் சூடு நின்றால் ஒருவர் காவலிருக்கவேண்டும். வேறு வழியில்லை.

25. நெருப்புத் தப்பிப் புல்லில் பிடித்துவிட்டால்: கொழுந்து முழங்காலுக்குக் கீழ் இருக்கும் வரை பச்சைக்குழையாலோ ஈரச்சாக்காலோ அடிக்கலாம். எரிந்து கறுத்த பக்கத்தில் நின்று, பின்னாலும் விலாப் பக்கத்தாலும் அடித்துக்கொண்டு முன்னேறவேண்டும். தீ ஓடும் முகத்துக்கு எதிரே ஒருபோதும் போகாதீர்கள். குழையை ஓங்கி வீசினால் பொறி பறக்கும், அழுத்திப் பிடித்து நசுக்குங்கள். கொழுந்து முழங்காலைத் தாண்டினால் விட்டுவிட்டு விலகுங்கள். எங்கே போவது? முன்பே எரிந்து முடிந்த நிலம், தார்வீதி, காய்ந்த குளத்தின் வெறும் சேற்றுத்தரை.

2018 மார்ச் 11 இல் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடந்து போனவர்களைக் காய்ந்த புல்லில் ஓடிவந்த தீ சுற்றி வளைத்தது, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையில் தீ மேல்நோக்கி ஓடும். வன்னி தட்டை நிலம், இங்கே காற்றுத்தான் அதற்குக் கால். காற்றுப் போகும் திசையில் முன்னால் ஓடினால் பிடிபடுவீர்கள், பக்கவாட்டில் விலகுங்கள்.

துப்புரவாக்காத காட்டுக்குள் தீ போய்விட்டால் அதைத் துரத்தி உள்ளே போகாதீர்கள். உள்ளே என்ன வெடிக்குமென்று யாருக்கும் தெரியாது. தூரத்தில் நின்று ஆட்களை மறியுங்கள்.

26. உடுப்பில் பிடித்தால் ஓடவிடாதீர்கள். நிலத்தில் விழுத்தி உருட்டுங்கள், அல்லது தடித்த பருத்திப் போர்வையால் மூடுங்கள். தீக்காயத்துக்கு 20 நிமிடம் சாதாரணக் குளிர்த்தண்ணீர் ஓடவிடவேண்டும். வளையல், மோதிரம், பட்டி, வீங்குமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கவேண்டாம். பற்பசை, மை, நெய், முட்டை, ஐஸ் எதுவும் போடவேண்டாம். எத்தனை தரம் சொன்னாலும் யாரோ ஓடிப்போய்ப் பற்பசை எடுத்து வருகிறார்கள், வைத்தியசாலையில் அதை வழித்தெடுக்கும்போதுதான் காயப்பட்டவருக்குப் பெரிய வேதனை. சுத்தமான ஈரமற்ற துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மூட்டு வெந்திருந்தாலும், உள்ளங்கை அகலத்துக்கு மேல் இருந்தாலும், சிறுபிள்ளையென்றாலும் உடனே முழங்காவில் வைத்தியசாலைக்கு. 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

27. இலக்கங்களைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்: தீயணைப்பு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119. கிளிநொச்சிச் சந்தை 2016 செப்ரெம்பரில் எரிந்தபோது அங்கே தீயணைப்புப் பிரிவே இருக்கவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து வாகனம் வரவேண்டியிருந்தது. இப்போது கரைச்சிப் பிரதேச சபையிடம் ஒன்று உண்டு. அது ஜெயபுரத்துக்கு வந்து சேரும்வரை உங்களிடம் இருப்பது உங்கள் வாளியும் ஊரவரும்தான், ஆகவே அயல் வீட்டார் ஒருவரின் இலக்கத்தையும் மாலையிலேயே வாங்கி வையுங்கள். அழைக்கும்போது ‘ஒரு குளத்துக்குப் பக்கத்தில்’ என்று சொன்னால் வன்னியில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஏ32 இல் கடைசியாய்க் கடந்த கிலோமீற்றர் கல்லின் எண், திரும்பிய சந்தியின் பெயர், திரும்பியது காட்டுப் பக்கமா கடல் பக்கமா என்ற மூன்றையும் வந்து இறங்கியவுடனேயே ஒரு துண்டில் எழுதி வாகனக் கண்ணாடியில் செருகிவிடுங்கள். காட்டோரத்தில் சில இடங்களில் சிக்னல் வராது. வீதிக்கு வந்து அழைக்க ஒருவரை அனுப்பும்போது அந்தத் துண்டையும் கொடுத்து அனுப்புங்கள்.